விக்கல் நிற்காத பெயர்

விக்கல் எடுத்தால் எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவர் நம்மை நினைக்கிறார் என்பது தமிழ் பேசும் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. இது பிழை. மேலே செல்வதற்கு முன் இதைத் திருத்திவைப்பது கடமையாகிறது. தொலைவில் இருப்பவர்கள் நினைப்பதில்லை. அவர்களுக்கு அவரவர் வேலை இருக்கிறது. நினைப்பவர் எப்போதும் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார், பெரும்பாலும் அதே கூரையின் கீழ், அதே கிழங்கைத் தின்றுகொண்டிருப்பார் என்று அமரிக்கை நகரின் நிர்வாகம் ஆராய்ந்து முடிவுகட்டியிருந்தது. நினைப்பவரின் பெயரைச் சொன்னதும் விக்கல் நின்றுவிடும் என்பதையும் அது ஏற்றுக்கொண்டிருந்தது. வெளியுலகத்தில் இதைக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டச் செய்வார்களாம். அமரிக்கை நகரில் விளையாட்டு கிடையாது. ஆகவே மதியச் சாப்பாட்டின் நடுவில் உமையாளுக்கு முதல் விக்கல் வந்தபோது அவள் உடனே செய்த காரியம், வாயை இறுக மூடிக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் இருந்த திருமேனியைப் பார்க்காமல் இருந்ததுதான்.

பார்க்காமல் இருப்பது சும்மா இருப்பதல்ல, கழுத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் எங்கோ ஒரு தசை அதற்கென்றே இழுத்துப் பிடிக்கிறது, பத்தொன்பது வயதுக்குள் அந்தத் தசை அவளுக்கு நன்றாகவே தேறியிருந்தது. தட்டைப் பார்த்தாள். அவித்த மரவள்ளிக் கிழங்கு, வெள்ளையாக, மாவு மாவாக. குழம்பு இன்னும் அவள் வரிசைக்கு வந்து சேரவில்லை, வெறும் கிழங்கை அவசரமாக விழுங்கினால் யாருக்குத்தான் விக்காது, இது கிழங்கு, கிழங்கேதான், நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டிருக்கிறது, எச்சிலைக் கூட்டி விழுங்கினால் இறங்கிவிடும், இதோ இறங்கிவிட்டது, இல்லை, இதோ இன்னொன்று, தோள் தூக்கிப்போட்டது, பக்கத்தில் சுபைதா தட்டிலிருந்து தலையை எடுக்காமலே உதட்டுக்குள் பேசினாள். “ஏட்டி, தண்ணியக் குடி.” “குடிச்சிட்டேன்.” “என் தம்ளரையும் எடுத்துக் குடி. மூச்சப் புடி. எதையாவது செய்யேம்ட்டி, அந்தம்மா திரும்புது.” உமையாள் மூச்சைப் பிடித்தாள். காதுக்குள் கடல் இரைந்தது. யாராவது நினைக்கிறார்கள் என்றால் இந்தக் கூடத்தில் என்னை நினைக்க யார் இருக்கிறார்கள் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள், கேள்வி எழுந்த வேகத்திலேயே அதற்குள் ஒளிந்திருந்த ஆசையையும் கண்டுகொண்டாள், சீ, இப்போதா அதைக் கேட்பது, பிடித்த மூச்சு உடைந்து மூன்றாவது விக்கல் கூடம் முழுவதும் கேட்டது. கூடத்தை மேற்பார்க்கும் ரெஜினாம்மா கரண்டியால் தூணில் தட்டினார். எல்லாருடைய கைகளும் தட்டில் நின்றன.

“யாரது? எம்மா உமையா, நீயா?” ரெஜினாம்மா வந்து பின்னால் நின்று, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தார். “பயப்படாத கண்ணு. விக்குறது ஒன் தப்பில்ல. நெனைக்கிறவன் தப்பு.” இதை அவர் எல்லாரிடமும் இதே குரலில்தான் சொல்வார். கெட்டவர் அல்ல. காய்ச்சல் கண்ட பெண்களுக்குத் தன் பங்கு மோரைக் கொடுப்பவர். கை வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் அருவருப்பாகவும் இருந்தது, ஏனென்றால் அந்தக் கை ஆறுதலுக்காக அங்கே இல்லை, விக்கல் உண்மையா பொய்யா என்று முதுகுக்குத்தான் தெரியும் என்பதற்காக இருந்தது.

“ஆம்பளைங்க பக்கம், மொதப் பெஞ்சு. எந்திரிங்க. ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்க.”

முறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆண் எழுந்து தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். விக்கல் வந்தால் உட்காரலாம். ரெஜினாம்மா இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கிப் பத்து விரலையும் மடக்கி முடிக்கும்வரை விக்கல் வராவிட்டால் அவன்தான் நினைத்தவன். நினைத்தவனைத் தெளிவகத்துக்கு அழைத்துப் போவார்கள், சில மாதங்கள் கழித்துத் தெளிந்து வருவான். எந்தப் பெயருக்கும் நிற்காவிட்டால் அது வயிற்றுக் கோளாறு, ஓமத்தண்ணீர் கொடுத்து விட்டுவிடுவார்கள். எதற்காக இதெல்லாம் என்று யாரும் கேட்பதில்லை, பதில் பள்ளியிலேயே சொல்லப்பட்டுவிட்டது: முன்னொரு காலத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பினார்கள், அதற்காக மற்றவர்கள் மூன்று ஊர்களைக் கொளுத்தினார்கள், கொளுத்தியவர்கள் பிறகு ஆற அமர உட்கார்ந்து யோசித்து, இத்தனை நாசத்துக்கும் காரணம் தீப்பெட்டி அல்ல, விருப்பம்தான் என்று கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்த கையோடு கடலோரமாக மதில் எழுப்பி இந்த நகரத்தைக் கட்டினார்கள். இருபத்தொரு வயதானதும் நிர்வாகம் ஓர் ஆளைக் காட்டும். அதற்கு முன் யாரையும் நினைக்கக் கூடாது, அதற்குப் பின் நினைக்கத் தேவையில்லை. பாடத்தை நடத்திய ஆசிரியையின் குரலில் கேலி ஏதும் இருந்ததா என்று உமையாள் பல தடவை நினைவைக் கிளறிப் பார்த்திருக்கிறாள். இருந்ததில்லை.

“சந்தனராஜ்.” விக்கல். “முத்துக்குமரப்பன்.” விக்கல். “பிச்சாண்டி. நான் இல்லம்மா, நான் கொழம்பத்தான் நெனச்சிட்டிருந்தேன்.” “பேர மட்டும் சொல்லு.” “பிச்சாண்டிதாம்மா.” விக்கல். பிச்சாண்டி தொப்பென்று உட்கார, பெஞ்சின் மறுமுனையில் இருந்தவன் ஓரடி எழும்பி விழுந்தான், யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மூன்று மேசை. மேசைக்கு இரண்டு பெஞ்சு, ஒன்று பெண்கள் பக்கம் பார்த்தது, மற்றது சுவரைப் பார்த்தது. திருமேனி நடு மேசையில் பெண்களைப் பார்த்த பெஞ்சில், ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள். அவள் அதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும், நாக்குக்குத் தன் பல் வரிசை தெரிகிற மாதிரி.

அவனை முதலில் எப்போது பார்த்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை, பார்க்காமல் இருக்கத் தொடங்கியது மட்டும் நினைவிருக்கிறது. கடல்நீரை நன்னீராக்கும் ஆலையில், கடல் உள்ளே வரும் வாய்க்காலின் இரும்பு வலையில் சொறி வந்து அப்பிக்கொள்ளும், கண்ணாடிக் குடை போல மிதக்கிற, தொட்டால் சுட்டுவிடுகிற அந்தச் சவ்வுப் பிராணியைக் கொக்கியால் இழுத்துப் போடுவதுதான் இருவருக்கும் வேலை, அவள் கரையில், அவன் வாய்க்கால் விளிம்பில். ஒருநாள் அவன் கையுறை கிழிந்து முழங்கை வரை சொறியின் வால் சுற்றிக்கொண்டது. சிவந்த கோடு கோடாக, பாயில் படுத்து எழுந்த தடம் மாதிரி. அவள் வினிகர் பாட்டிலை எடுத்து ஊற்றினாள். வலிக்கிறதா என்று கேட்டாள், கேட்கலாம், காயத்தை விசாரிப்பது வேலையில் சேர்த்தி. “இல்ல” என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்கிறவனைப் பார்த்து என்ன செய்வது. வினிகர் சொட்டிக்கொண்டிருந்தது, அவன் கையைப் பார்த்தபடியே, அலை இரைச்சலுக்கு நடுவில், சாதாரணமாக, மணி என்ன என்று கேட்கிற மாதிரி, “சாப்பிட்டியா?” என்றான். அந்தக் கேள்வி அமரிக்கை நகரில் தடைசெய்யப்பட்ட கேள்வி. தடைக்குக் காரணம் மறுக்க முடியாதது: எல்லாரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள், ஆகவே சாப்பிட்டாயா என்று கேட்பவருக்கு விடை முன்பே தெரியும், விடை தெரிந்தும் ஒருவர் கேட்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது விடை அல்ல. அன்று இருவரும் ஒரே கூடத்தில், எதிரெதிரே, ஒரே கேப்பைக்கூழைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தார்கள். “ம்” என்றாள். பிறகு அவள் வாய் அவளைக் கேட்காமலே, “நீ?” என்றது. அவ்வளவுதான். அதற்குமேல் அவர்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் வெளியுலகத்தார் சிரிக்கக்கூடும். வேலைக்கு வந்த நாளெல்லாம் அவன் கேட்டான், அவளும் கேட்டாள், சில நாள் இரண்டு தடவை.

ஆனால் நினைக்கிறானா. இதுதான் முள். வாய் கேட்பது வேறு, நினைப்பது வேறு, வலையடியில் நிற்கிற எந்தப் பெண்ணையும் அவன் சாப்பிட்டியா என்று கேட்டிருப்பானோ, சிலருக்கு அது வெறும் வாய்ப்பழக்கம், தும்முவது போல, அவன் வீட்டில் அப்படிப் பழகியிருக்கலாம். இரவில் படுக்கையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் நினைப்பு மட்டும்தான், எதிர்முனையில் யாராவது இருக்கிறார்களா என்று தெரியாமலே கயிற்றைப் பிடித்து நிற்பது போல. இதோ, இப்போது தெரிந்துவிடும். அவன் எழுந்து பெயரைச் சொல்வான், விக்கல் நிற்கும், அல்லது நிற்காது. நின்றால் நினைத்தான், அவனைக் கொண்டுபோவார்கள். நிற்காவிட்டால் அவன் தப்பினான், ஆனால் நினைக்கவில்லை. நிற்கக் கூடாது கடவுளே, நிற்க வேண்டும், நிற்கக் கூடாது. இரண்டில் எதைக் கேட்கிறாள் என்று கேட்கப்பட்டவருக்கே விளங்கியிருக்காது. “ராயப்பன்.” விக்கல். “குருசாமி.” விக்கல். முதல் மேசை முடிந்தது. முதுகில் ரெஜினாம்மாவின் கை வியர்த்து ரவிக்கையோடு ஒட்டியது. நடு மேசையில் சுவரைப் பார்த்தவர்கள் எழுந்து திரும்பித் திரும்பிப் பெயர் சொன்னார்கள், ஒருவன் வாயில் கிழங்கோடு சொன்னான், “முழுங்கிட்டுச் சொல்லு மூதேவி” என்றார் ரெஜினாம்மா, மறுபடி சொன்னான், விக்கல், மறுபடி உட்கார்ந்தான்.

சுபைதாவின் முழங்கை அவள் விலாவில் இடித்தது. “ஏட்டி கேளு. திருமேனிக்கு முன்னாடி அருளப்பன் வருவான்ல? அவன் பேரச் சொன்னதும் மூச்சப் புடிச்சிரு. பத்து வெரலு. ஒன்னால முடியும்.” உமையாள் திரும்பாமல், “ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். திருமேனியைப் பற்றி அவள் சுபைதாவிடம் ஒரு சொல் சொன்னதில்லை. “எனக்குக் கண்ணு இருக்குல்லா. எல்லாரயும் பாக்குத, அவன் ஒருத்தனத்தான் பாக்க மாட்டேங்க.” விக்கல். “அருளப்பன் போனா யாரு அழப்போறா? ஏற்கெனவே பாதி செத்தவன். அவன் பேருல விக்கல் நின்னு போச்சுன்னா அப்புறம் யாரயும் கூப்பிட மாட்டாங்க.” அவள் சொன்னதில் தப்பே இல்லை, கணக்குப் போல நேராக இருந்தது. அருளப்பன் ஓரத்து ஆள். முன்வழுக்கை, எப்போதும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துத்தான் சாப்பிடுவான். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் அவனுக்கு இதே கூடத்தில் விக்கல் எடுத்தது, பெண்கள் எழுந்து பெயர் சொன்னார்கள், உமையாளின் அக்கா எழுந்து “கோமளம்” என்று சொன்னதும் அவன் விக்கல் நின்றது. பட்டென்று நின்றது, கத்தரித்த மாதிரி. அக்காவைக் கொண்டுபோகும்போது அவள் அழக்கூட இல்லை, குழம்பிப்போய், “நான் யாரயும் நெனைக்கலையே, நான் ஒண்ணுமே நெனைக்கலையே” என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். உமையாள்கூட அதை நம்பவில்லை. தங்கையிடமே மறைத்துவிட்டாளே என்று அந்தப் பதினான்கு வயதில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அக்கா இப்போதும் கூடத்தில்தான் இருந்தாள். கிழங்கு வாளியோடு, கரண்டியோடு, பெயர் சொல்லத் தொடங்கியபோது எந்த இடத்தில் நின்றாளோ அதே இடத்தில். தெளிவகத்திலிருந்து திரும்பியதும் உமையாள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், அக்கா கட்டிக்கொள்ளவுமில்லை, விலக்கவுமில்லை, முடிந்ததா என்று காத்திருந்தாள். முன்பெல்லாம் தோசையின் முறுகல் ஓரத்தைக் கிள்ளித் தங்கை தட்டில் போடுகிறவள். இப்போது உமையாளுக்கும் ரெஜினாம்மாவுக்கும் அருளப்பனுக்கும் ஒரே அளவு, ஒரு கரண்டி, வழித்துவிட்டு அடுத்த தட்டு. அம்மா இறந்த செய்தியைச் சொன்னபோது “சரி” என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்றாலும் “சரி” என்பாள். திருமேனி அப்படித் திரும்பி வருவான். வலையடியில் நிற்பான். சொறி சுற்றினால் கை சிவக்கும், முகத்தில் ஒன்றும் இருக்காது. அவள் சாப்பிட்டியா என்று கேட்டால், எல்லாரும்தான் சாப்பிட்டோம் என்று சரியான விடையைச் சொல்வான்.

“அருளப்பன்.”

அவள் மூச்சைப் பிடித்தாள். முடிவெடுத்ததாக நினைவில்லை, வயிறு தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது, அழுத்தமாக, கதவுக்குப் பின்னால் தோளைக் கொடுத்து நிற்பது போல. ரெஜினாம்மாவின் இடது கை அவள் கண்ணெதிரே வந்தது. சுண்டுவிரல். மோதிர விரல். உள்ளே விக்கல் முட்டியது, அவள் விடவில்லை, நடு விரல், ஆள்காட்டி, கட்டை விரல், முதுகிலிருந்த கை எடுபட்டு வலது விரல்களும் முன்னே வந்தன. அருளப்பன் பயப்படவில்லை. அதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அவன் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டான், பயணத்துக்குக் கிளம்புகிறவன் போல, பிறகு வாளியோடு நின்ற கோமளத்தை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, நேராக, நிதானமாக, யாருக்கும் ஒளிக்காமல் பார்த்தான். இனி அவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது. அக்காவும் அவனைப் பார்த்தாள், தூணைப் பார்ப்பது போல. சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். இன்னும் இரண்டே. இரண்டு விரல் மடங்கினால் திருமேனி எழுந்திருக்கவே வேண்டாம், நாளைக்கு வலையடியில் கேட்பான், நாளன்றைக்கும் கேட்பான், அவள் “ம், நீ?” என்பாள், அருளப்பனின் இடம் காலியாக இருக்கும், பிறகு நிரம்பும், அக்காவைப் போலவே நிரம்பும். உமையாளின் தோள் கதவை விட்டது. விக்கல் பீறிட்டு வந்து தலை பின்னுக்கு அடித்தது. சுபைதா மெல்ல, “கிறுக்கி” என்றாள். அருளப்பன் உடனே உட்காரவில்லை. நின்றபடியே பித்தானைக் கழற்றி, உட்கார்ந்து, தம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தான்.

“திருமேனி.”

அவன் குரல். அலை இரைச்சல் இல்லாமல் அதை அவள் கேட்டதே இல்லை, இத்தனை சன்னமாகவா இருக்கும், பெயரின் கடைசி எழுத்தில் கொஞ்சம் இறங்கியது, கை கழுவிவிட்டு வந்த ஈரம் சட்டையில் தெரிந்தது, பார்த்துவிட்டாள், அந்தத் தசை அவளைக் கைவிட்டுவிட்டது, அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நெஞ்சுக்குள் அமைதி. முழு அமைதி. தேடினாள், விக்கல் இல்லை, முட்டவில்லை, பாத்திரத்தைக் கவிழ்த்தது போல வெறுமை. நின்றுவிட்டது. நினைக்கிறான். சுண்டுவிரல் மடங்கியது. நினைக்கிறான், என்னைத்தான், இத்தனை நாளும் என்னைத்தான், ஒரு நொடி, வெட்கமில்லாமல், அவன் கதி என்ன என்பதையும் மறந்து அவள் அந்த மகிழ்ச்சிக்குள் நின்றாள், மோதிர விரல் மடங்கியது, பயம் அப்போதுதான் வந்தது, இல்லை, பயம் முன்பே வந்திருந்தது, அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோதே வயிற்றில் பனிக்கட்டியைப் போட்டது போல, அதில்தானே விக்கல் நின்றது, பயந்தால் விக்கல் நிற்கும், சின்னப் பிள்ளைகளுக்கு விக்கினால் பின்னாலிருந்து பே என்று பயம் காட்டுவார்கள் அல்லவா, நடுவிரல், அப்படியானால் இது அவன் நினைத்ததால் நின்றதல்ல, நான் பயந்ததால் நின்றது, யார் பெயருக்கு அதிகம் பயப்படுகிறோமோ அந்தப் பெயருக்குத்தான் நிற்கும், ஆள்காட்டி விரல், அருளப்பன் பயந்தது அக்காவின் பெயருக்கு, அக்கா ஒன்றுமே நினைக்கவில்லை, அவள் சொன்னது நிஜம், நினைத்தவரை இவர்கள் ஒருநாளும் பிடித்ததில்லை, நினைக்கப்பட்டவரைத்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், இத்தனை வருடமும், முறை தவறவில்லை, ஆளைத்தான் மாற்றிப் பிடித்தார்கள், கட்டை விரல். முதுகிலிருந்து கை எடுபட்டது. இப்போது எடுபட்டதுதான் நல்லது. உமையாள் வயிற்றை இழுத்து, இத்தனை நேரம் உடம்பு அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நினைவுகூர்ந்து, தோளைத் தூக்கி, தொண்டையை அடைத்து, விக்கினாள்.

நல்ல விக்கல். உண்மையைவிடச் சுத்தமாக இருந்தது. ரெஜினாம்மா விரல்களை விரித்தார், வியர்த்த கையை மறுபடி முதுகில் வைக்காமல் இடுப்பில் ஊன்றிக்கொண்டார். “ஒக்காரு.” தப்பித்துவிட்டான் என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், அங்கே நிம்மதியைத் தேடினாள், நிம்மதிக்கு என்ன முகம் என்று அவளுக்குத் தெரியும், பிச்சாண்டியிடம் பார்த்தாள், குருசாமியிடம் பார்த்தாள். திருமேனியிடம் அது இல்லை. உலையின் கீழ் விறகை இழுத்தபின் கொதி எப்படி அடங்குமோ அப்படி அவன் முகத்தில் ஒன்று மேலிருந்து கீழாக அடங்கியது, கூடத்தில் வேறு எவருக்கும் அது தெரிந்திருக்காது, அவன் கையில் வினிகர் ஊற்றியவளுக்குத் தெரிந்தது. அவன் நம்புகிறான். மதிலுக்குள் பிறந்து, அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்தவன், வேறு எதை நம்புவான். பெயரைச் சொல்லும்போது அவன் தன்னை ஒப்புக்கொடுக்கத்தான் எழுந்திருக்கிறான், விக்கல் நிற்கும் என்று தெரிந்தே, நடுங்காமல், நின்றால் போகத் தயாராக. நிற்கவில்லை. அவன் நினைத்த நினைப்பெல்லாம் அவளிடம் வந்து சேரவில்லை, வேறு யாருடையதோ வந்து சேர்கிறது, இந்தக் கூடத்திலேயே, இதே பெஞ்சுகளில் யாரோ ஒருவனுடையது, என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அவன் உட்கார்ந்து தட்டைப் பார்த்தான். பார்க்காமல் இருப்பதற்கான தசை அவனுக்கும் உண்டு. ஆனால் இது அதுவல்ல.

இப்போது நிறுத்த முடியாது. அது அவளுக்கு அடுத்த பெயர் சொல்லப்பட்டபோதுதான் உறைத்தது. “சேசுமணி.” நிறுத்தினால் சேசுமணி போவான். விக்கினாள். “நல்லகண்ணன்.” விக்கினாள். “ஏகாம்பரம்.” ஒவ்வொரு பொய் விக்கலும் ஒருவனை உட்காரவைத்தது, ஒவ்வொன்றும் நடு மேசையில் குனிந்திருந்த தலைக்கு, நீ இல்லை, நீ இல்லை என்று சொன்னது. விலா வலித்தது, தொண்டை புண்ணானது, கண்ணில் நீர் கட்டியது, விக்கினால் கண்ணீர் வருவது இயல்புதான், அதற்கு விசாரணை இல்லை, ஆகவே அதை அவள் தடுக்கவில்லை. அடுத்தவன் எழும்போதெல்லாம் திருமேனியின் காது அந்தப் பக்கம் திரும்பியது, இவனா, இவனா என்று தேடுகிறான், ஐயோ, யாரும் இல்லை, யாருமே இல்லை, நீதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினால் அவனைக் காப்பாற்றியது வீண். வாயைத் திறந்தால் விக்கல் மட்டும் வந்தது, அதையும் அவளே செய்ய வேண்டியிருந்தது. கடைசி மேசையின் கடைசி ஆள், காது கேளாத சமையல்காரர், பக்கத்திலிருந்தவன் தட்டியதும் எழுந்து, “என்னப்பா, எம் பேரா? சவரியப்பன்” என்று ஊரையே கூப்பிடுகிற குரலில் சொன்னார். விக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள், அளவாக.

“வாயுதான்” என்றார் ரெஜினாம்மா, அவர் குரலில் ஆறுதல் இருந்தது. “நான் அப்பமே நெனச்சேன். நம்ம பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. ஏ கோமளம், ஓமத்தண்ணி கொண்டா. அடுத்த தரம் கெழங்கத் திங்கும்போது கொழம்பு வர்ற வரைக்கும் பொறுக்கணும், என்ன? பேய் மாதிரி முழுங்கப்படாது.” “சரிம்மா.” அக்கா தம்ளரை நீட்டினாள். உமையாள் வாங்கிக் குடித்தாள், சூடாக, காரமாக இறங்கியது, இனி விக்காமல் இருக்கலாம் என்ற அனுமதி அதில் இருந்தது. “அக்கா” என்றாள் தாழ்ந்த குரலில், “நீ ஒண்ணும் நெனைக்கலன்னு எனக்குத் தெரியும்.” கோமளம் காலித் தம்ளருக்காகக் கையை நீட்டியபடி, “சரி” என்றாள்.

சாப்பாடு மறுபடி தொடங்கியது. சுபைதா அவள் பக்கம் கிழங்கைத் தள்ளி, “தின்னு, தப்பிச்சாச்சுல்லா, பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு” என்றாள். உமையாள் தலையாட்டினாள். அவள் நாளைக்கு வலையடியில் சொல்லப்போகிற வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். உன் பெயருக்கு நின்றது, அதற்குப் பின் எல்லாம் நான் செய்தது. இவ்வளவுதான், இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஓர் அலை வந்து போகிற நேரம். ஆனால் நின்றது உன் நினைப்பால் அல்ல, என் பயத்தால் என்றும் சொல்ல வேண்டுமே, அதைச் சொன்னால்தான் முழு உண்மை, முழு உண்மையைச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்குப் புரியுமா, பயம் என்றால் என்னவென்று அவனுக்கு விளங்கவைக்க வேண்டும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், முதலில் சாப்பிட்டியா என்று கேட்க வேண்டும், அவன் முந்திக்கொள்வதற்குள் நாமே கேட்டுவிட வேண்டும், அவன் சிரிப்பான், சிரித்துவிட்டால் பிறகு சொல்லிவிடலாம். அவள் அந்த வாக்கியத்தை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பார்த்தாள். தட்டில் கிழங்கு ஆறியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரோடு, மென்று விழுங்கினாள்.

மறுநாள் காலைக் கூழுக்கே திருமேனி, சுவரைப் பார்த்த பெஞ்சுக்கு இடம் மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தான்.